நான்கு பேருக்கு 600 சதுர அடி ஃபிளாட். இடத்தை அடைக்காமல் உள்வேலை எப்படிச் செய்வது?

முதலில் அந்த 600 எந்த 600 என்று பாருங்கள். குரோம்பேட்டையில் நாங்கள் ஏழு வருடமாக இருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீடு பேச்சுக்கு 620. உள்ளே டேப் பிடித்தால் 450 சொச்சம். மிச்சமெல்லாம் சுவரிலும் மாடிப்படியிலும் லிஃப்டிலும் இருக்கிறது. ரெரா என்கிற 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி புது ஃபிளாட்டுக்கு பில்டர் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரையின் பரப்பை, சொல்லியாக வேண்டும். பழைய ஃபிளாட் என்றால் நீங்களே அளந்துவிடுங்கள்.

நாங்கள் செய்த பெரிய தப்பு, ஹாலுக்கு எல் வடிவ சோஃபா வாங்கியது. கடையில் சின்னதாகத்தான் தெரிந்தது. பொங்கலுக்கு மாமனார், மாமியார், மச்சினன் குடும்பம் எல்லாரும் வந்தபோது பாய் விரிக்க இடமில்லை. மச்சினன் சோஃபாவில் காலை மடக்கிக்கொண்டு படுத்தார். அடுத்த மாதமே பாதி விலைக்குத் தள்ளிவிட்டோம். இப்போது ஜன்னலோரம் இரண்டரை அடி அகலத்தில் ஒரு திவான், அடியில் இழுப்பறை, அவ்வளவுதான். அதன்பிறகு எது வாங்குவதென்றாலும் அதன் அளவுக்குத் தரையில் செய்தித்தாளை ஒட்டிவைத்து இரண்டு நாள் சுற்றி நடக்கிறோம். தாள் கிழிந்தால் அந்தச் சாமான் வேண்டாம்.

அலமாரிக்கு இரண்டு அடி ஆழம் என்பார்கள். அது ஹேங்கரில் தொங்கும் சட்டைக்கு. மடித்து வைக்கும் வேட்டி, புடவைக்கு ஒன்றேகால் அடி தாராளம். நாங்கள் தொங்கவிட ஒரு கதவு அகலம் மட்டும் ஆழமாக வைத்து, மற்றதைக் குறைத்தோம். கட்டிலை ஒட்டி வந்தால் தள்ளுகதவு போடுங்கள். ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், எரிச்சல்தான், வேறு வழியில்லை. மெத்தையோடு பலகையைத் தூக்கித் திறக்கும் ஹைட்ராலிக் கட்டிலில் கொலு பொம்மையும் கூடுதல் தலையணையும் வையுங்கள். தினம் எடுப்பதை அதில் வைத்தால் இடுப்பு போய்விடும்.

சமையலறைதான் உண்மையான சோதனை. உள்வேலை செய்பவர் எங்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் மைக்ரோவேவுக்கு அழகான மாடம் இருந்தது. கிரைண்டர், 25 கிலோ அரிசி மூட்டை, இரண்டாவது சிலிண்டர் மூன்றுக்கும் இடமில்லை. எங்களிடம் மைக்ரோவேவே கிடையாது! உங்கள் வீட்டுச் சாமான்களை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வரையச் சொல்லுங்கள். கிரைண்டரைச் சக்கரப் பலகையில் வைத்து மேடைக்கு அடியில் தள்ளிவிட்டோம். வாரம் இரண்டு நாள் வெளியே வரும். மேடை உயரத்தை ஆசாரி தன் கணக்கில் வைத்துவிடுவார், சமைப்பவரை நிற்கவைத்து அளங்கள். சிங்க் அடியில் மட்டும் காசு பார்க்காமல் ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட், அதாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ளது, போடுங்கள். நான் மலிவானதைப் போட்டேன், இரண்டே மழைக்காலத்தில் அப்பளமாக உப்பிவிட்டது.

துணி காய பால்கனி கூரையில் கயிற்றை இழுத்து ஏற்றி இறக்கும் கம்பிகள் போதும். இன்னும் தீராதது இஸ்திரி போட இடம். இன்றைக்கும் கட்டிலில் போர்வை விரித்துத்தான் நடக்கிறது. யாராவது வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.