அதிகாரிகள் வெளியே நிற்கட்டும்

அன்புள்ள ஐயா,
எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘சமூகப்பணியில் புதுமை’ என்று ஒரு ஆய்வு செய்ய வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் செயலி செய்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. செயலி இல்லாத புதுமை ஏதாவது உண்டா?
ஒரு மாணவி, திருச்சி

அன்புள்ள மாணவிக்கு,
உண்டு. நியூசிலாந்தின் குடும்பக் கூட்டத்தைப் பாருங்கள். நாலு சுவரும் கொஞ்சம் சாப்பாடும் போதும் அதற்கு.

அங்கே பூர்வகுடிகளான மாவோரிகளின் பிள்ளைகளை அரசு வீட்டிலிருந்து எடுத்து விடுதிகளிலும் வேற்றுக் குடும்பங்களிலும் சேர்த்துக்கொண்டே இருந்தது. பெற்றோர் சரியில்லையா, பிள்ளைக்கு யாருமில்லை என்று கணக்கு. பாட்டி, அத்தை, சித்தப்பா யாரையும் கேட்பதில்லை. மாவோரித் தலைவர் ஜான் ரங்கிஹாவ் தலைமையிலான குழுவின் அறிக்கை 1986இல் வெளியாகி இதைப் போட்டு உடைத்தது. 1989இல் குடும்பக் கூட்டத்துக்குச் சட்டமே வந்துவிட்டது.

நடப்பது இதுதான். ஒருங்கிணைப்பாளர் சொந்தபந்தங்களைத் தேடிப்பிடித்துக் கூட்டுகிறார். சமூகப்பணியாளரும் மற்றவர்களும் தங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறார்கள். அப்புறம் அவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். பிள்ளை யார் வீட்டில் இருப்பது, பள்ளிக்கு யார் கூட்டிப்போவது, அப்பா எப்போது வந்து பார்க்கலாம் என்றெல்லாம் குடும்பம் தனியாக உட்கார்ந்து பேசும். சண்டையும் வரும், அழுகையும் வரும். பிறகு அதிகாரிகள் உள்ளே வந்து திட்டத்தைக் கேட்பார்கள். பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று பட்டால் ஒப்புக்கொள்ள மறுக்கலாம், விஷயம் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

நம்ம ஊர்ப் பஞ்சாயத்துதானே என்பீர்கள். பஞ்சாயத்தில் பெரிய மனிதர்கள் பேசுவார்கள், சம்பந்தப்பட்ட குடும்பம் கைகட்டி நிற்கும். இங்கே வெளியே நிற்பது பெரிய மனிதர்கள். படித்துப் பட்டம் வாங்கியவருக்கு அந்த நேரம் லேசில் கழியாது. என்னைக் கேட்டால் புதுமை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்றும் அங்கே அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் மாவோரிகள்தான். 2019இல் ஹேஸ்டிங்ஸ் மருத்துவமனையில் ஒரு மாவோரித் தாயிடமிருந்து பச்சைக் குழந்தையை எடுக்க முயன்றபோது பெரிய கொந்தளிப்பே எழுந்தது. சட்டத்தில் கூட்டம் இருந்தாலும், முடிவைக் கையில் வைத்துக்கொண்டே வருகிற அதிகாரியை அது மாற்றிவிடாது. ஆய்வில் இதையும் விடாமல் எழுதுங்கள்.

முடிந்தால், முறையாக அனுமதி வாங்கி உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழு நடப்பதைக் கவனியுங்கள். பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பும் முன் தாய்மாமனையோ பெரியம்மாவையோ யாராவது கூப்பிட்டுக் கேட்கிறார்களா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு அதுவே நிறைய.