உதவிப்பணம் எடுக்கிற நாங்கள் கடைசிக் காலத்துக்குக் காசு சேர்க்கலாமோ?

மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 10,000 ரூபாய் வருகுது, வேலைக்குப் போய்ச் சேமலாப நிதி (EPF, வேலை செய்யிற ஆக்களின்ர கடைசிக்காலச் சேமிப்பு) கட்டினால் கொடுப்பனவை வெட்டிப்போடுவினமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். நீங்களும் கிளிநொச்சிப் பக்கம்தான் எண்டு நினைக்கிறன். இந்தப் பயத்தால நான் பட்டது கொஞ்சமில்லை.

2009இல முல்லைத்தீவு மாத்தளனில, சண்டைக்குள்ள எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ போச்சுது. கொடுப்பனவு வரத் தொடங்கின நேரம், "பாங்க் புத்தகத்தில காசு கிடந்தா வெட்டுவினம்" எண்டு பக்கத்து வீட்டக்கா சொன்னவா. அதை நம்பி, கோழி வித்த காசு முழுக்கச் சீட்டில போட்டன். சீட்டுப் பிடிச்ச மனுசி ஒருநாள் விடியப் பார்த்தா ஊரிலயே இல்லை. கழிவு விட்டுக் குறைச்சு முதலே எடுத்த ஆக்களுக்கு நட்டமில்லை. கடைசியா எடுப்பம், முழுசா வரும் எண்டு இருந்த எனக்குத்தான் அடி.

பிறகு கார்மென்ட்ஸில வேலை. முதல் சம்பளத் துண்டில 8 வீதம் வெட்டியிருக்க எனக்குப் பொல்லாத கோபம். கூட வேலை செய்த பிள்ளைதான் விளங்கப்படுத்தினது: 30,000 சம்பளமெண்டா எங்கட பங்கு 2,400, முதலாளி 12 வீதம், 3,600. அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) எண்ட இன்னொரு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்டவேணும். பெண்களுக்கு 50, ஆம்பிளையளுக்கு 55 வயதில சேமலாப நிதி கைக்கு வரும். நிரந்தரமா வேலை செய்யேலாமல் போனா வயதுக்கு முன்னமே எடுக்கலாம், எங்களைப் போல ஆக்களுக்கு இதுதான் பெரிசு. ஆனா இது சம்பளத்தில இருந்து போறது, கொடுப்பனவுக் காசில இருந்து கட்டேலாது.

வேலைக்குப் போறதை ஜீ.எஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) சொல்லிப்போட்டுத்தான் போனனான். இண்டுவரை எனக்குக் கொடுப்பனவை வெட்டேல்லை. "அரசாங்கக் காசும் வேணும், சம்பளமும் வேணுமோ" எண்டு கீழ எழுத வாற ஆக்கள், பொய்க்காலுக்குள்ள போடுற உறை என்ன விலை எண்டு விசாரிச்சுப்போட்டு வாங்கோ. நான் உத்தியோகத்தரில்லை, உங்கட வீட்டு வருமானமும் எனக்குத் தெரியாது. பிரதேச செயலகத்தில ஒருக்காக் கேளுங்கோ.

சம்பளத்தில வெட்டின காசு சேமலாப நிதிக்குப் போகுதோ எண்டும் பாருங்கோ. எங்கட இடத்தில நாலு மாதம் வெட்டினவை, கட்டேல்லை. தொழில் அலுவலகத்தில முறையிடப் போனா அந்தப் பிரிவு மேல்மாடி, லிப்ட் இல்லை. பொய்க்காலோட இருபத்திரண்டு படி. ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிக்க, "படிவம் கீழ குடுக்கினம், எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டாங்கள்.