ஏரிக்கு ஒரு குழு: பதிவு முதல் வேலையா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் இருக்கிறோம். எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பக்கத்து ஏரியைச் சுத்தம் செய்யவும், பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பற்றிச் சொல்லிக்கொடுக்கவும் அமைப்பு தொடங்க நினைக்கிறோம். முதலில் அறக்கட்டளையாகப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அதுதான் முதல் வேலையா?

பதில்: இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்கும் நிலை வரும்வரை பதிவுக்கு அவசரமில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கச் சேர்ந்து வேலை செய்யுங்கள். யார் நிலைக்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

முதலில் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். தூர் வாருவது, கரையில் மண் வெட்டுவது, மரம் நடுவது எல்லாவற்றுக்கும் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) பார்த்துப் புல எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏரியை விட்டு வெளியே நடங்கள். இதைத்தான் பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்குவது கண்ணுக்குத் தெரியும் வேலை. ஆனால் வரத்துக் கால்வாய் அடைபட்டுக் கிடந்தால் சுத்தமான ஏரியும் வறண்டுதான் கிடக்கும். ஊரில் மடை திறந்து விவசாயம் பார்த்த பெரியவர் ஒருவரையாவது அழைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு கால்வாய் நெடுகப் போங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பாலத்தடியில் மண் மேடிட்டிருக்கிறது, எந்தத் தெருச் சாக்கடை உள்ளே விழுகிறது, கலங்கல் (ஏரி நிரம்பி வழியும் இடம்) தாண்டிய உபரிநீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது என்று பிள்ளைகளே படம் வரையட்டும். மழை நின்றதும் அதே வழியில் போய்ப் படத்தைத் திருத்தட்டும். எந்த வகுப்பறைப் பாடத்தைவிடவும் இது அவர்கள் மனதில் நிற்கும். பள்ளியில் தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இருந்தால் பொறுப்பாசிரியர் மூலமாகவே செய்யலாம்.

அந்தப் படம்தான் உங்கள் மனுவும். கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அதில் ஒன்று. படத்தை அங்கே வைத்துத் தீர்மானம் கேளுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் நீங்கள் போய் வாக்குவாதம் செய்யாதீர்கள். ஏரியை அளந்து எல்லை குறிப்பதும் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் அதிகாரிகளின் பொறுப்பு; நீர்வளத் துறை ஏரிகளுக்கு இதற்கென்றே 2007 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு ஏரியைக் காப்பாற்ற முடியாது.

சுத்தம் செய்யும்போது பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். உடைந்த கண்ணாடி, ஊசி எல்லாம் கிடக்கும்; பெரியவர்களுக்கும் கனமான கையுறை வேண்டும். ஆகாயத்தாமரையை எடுங்கள், கோரையை மொத்தமாக மழிக்காதீர்கள். தாழைக்கோழி கூடு கட்டும் இடம் அது.

குழு நிலைக்க ஒரே வேலையை வருடா வருடம் செய்ய வேண்டும். சென்னையில் கடலாமைகளுக்காக மாணவர்கள் நடத்தும் அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. ஜனவரி தொடங்கி முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் கடற்கரையில் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மாணவர்கள் படிப்பு முடிந்து போனாலும் நடை நிற்கவில்லை. உங்களுக்குக் கால்வாய் நடை அப்படி ஆகலாம்.

சரி, பதிவு. உங்களைப் போன்ற தெருக் குழுவுக்கு அறக்கட்டளையைவிடச் சங்கம் பொருத்தம் என்பது என் கருத்து. 1975 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் போதும். ஆண்டுப் பொதுக்குழு கூட்டிக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். அறக்கட்டளையில் முடிவு சில அறங்காவலர்கள் கையிலேயே தங்கிவிடும். பதிவானதும் சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு. பிறகு வருமான வரித் துறையில் சங்கத்துக்கு வரிவிலக்கும் நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகையும் கிடைக்கப் பதிவு. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பணம் தருவதாகச் சொன்னால் அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம் வாங்க மத்திய உள்துறையின் அனுமதி வேண்டும்.