மகள் டவுன் பிளானிங் கேட்கிறாள்: டர்பன் சாட்ஸ்வர்த் தாய்க்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் டவுன் பிளானிங், அதாவது நகரத் திட்டமிடல்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் கணக்கு கஷ்டமாக இருக்கிறது, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி பாடத்துக்கு மாறப் போகிறாள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. முதலில் அதை நிறுத்துங்கள். விட்ஸ், பிரிட்டோரியா போன்ற நம் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பட்டப்படிப்புக்கு முழுக் கணக்குதான் கேட்கிறார்கள். ஒருமுறை லிட்டரசிக்குப் போய்விட்டால் திரும்பி வருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். மார்க் குறைந்தாலும் பரவாயில்லை, ட்யூஷன் வைத்துப் பாருங்கள்.

சரி, வேலை என்ன? உங்கள் தெருவில் ஒருவர் வீட்டின் முன்பக்கத்தைக் கடையாக்க முனிசிபாலிட்டியில் மனு போடுகிறார் என்று வையுங்கள். பிளானர் நேரில் போய்ப் பார்ப்பார். வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், சாக்கடைக் குழாய் தாங்குமா, பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆட்சேபம் சொல்கிறார் என்று எல்லாம் விசாரித்து அறிக்கை எழுதுவார். அதை வைத்துத்தான் அனுமதி உண்டா இல்லையா என்று முடிவாகும். எந்த மலைச்சரிவில் வீடே கட்டக் கூடாது, எந்த ஆற்றோரத்தைச் சும்மா விட வேண்டும் என்பதும் இவர்கள் பார்க்கும் வேலைதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்ததைப் பார்த்த நமக்கு அதன் அருமை தெரியும்.

இதற்கு ஆள் தேவைப்படுவதற்குச் சட்டமே காரணம். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்வது முனிசிபாலிட்டியின் பொறுப்பு என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2010-இல் தீர்ப்புச் சொன்னது. அப்புறம் 2013-இல் ஸ்ப்ளூமா (SPLUMA) என்ற நிலத் திட்டமிடல், பயன்பாட்டுச் சட்டம் வந்தது, 2015 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. டர்பன் போன்ற மாநகரம் மட்டுமல்ல, உள்நாட்டுச் சின்ன முனிசிபாலிட்டியும் தன் எல்லை முழுவதற்கும் நிலப் பயன்பாட்டுத் திட்டம் வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கொள்கைகளில் ஒன்று, பழைய அநியாயப் பங்கீட்டைச் சரிசெய்வது. டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுப் பிழைத்த நம் இந்திய ஆட்களை, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளியதும் மேசையில் வரைபடம் விரித்து உட்கார்ந்தவர்கள்தான். அந்த மேசையில் நம் பிள்ளைகளும் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

படிப்பு டர்பனிலேயே டியூடியில் (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், பிளானர்களைப் பதிவு செய்யும் சாக்பிளான் (SACPLAN) கவுன்சில் அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பட்டம் முடித்துப் பயிற்சி பிளானராகப் பதிந்து, அனுபவம் சேர்த்த பிறகுதான் முழுப் பதிவு கிடைக்கும். முதல் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அதனால் படிக்கும்போதே லீவு நாட்களில் ஏதாவது பிளானிங் அலுவலகத்தில் வேலை பழகட்டும்.

கட்டடத்தைவிட ஆறும் காடும் மண்ணும்தான் அவளுக்குப் பிடிக்கும் என்றால் வழி வேறு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் நீரியல் படிக்கலாம். 1998-இன் தண்ணீர்ச் சட்டப்படி நாட்டின் தண்ணீருக்கு அரசுதான் காவல், அந்தத் துறையிலும் ஆள் வேண்டும். இதற்கும் கணக்கு இல்லாமல் முடியாது.

இன்னொன்று, ஜுலு மொழி. நம் மாகாணத்தில் சுமார் 28 லட்சம் ஹெக்டேர், ஜுலு மன்னரை அறங்காவலராகக் கொண்ட இங்கோன்யாமா டிரஸ்ட் நிலம். அங்கே எந்தத் திட்டம் போட்டாலும் ஊர்த் தலைவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். பள்ளியில் ஜுலு படிக்க வாய்ப்பிருந்தால் விடாதீர்கள்.

இந்த வாரமே கணக்கு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அவர் சொல்வதையும் கடைசி இரண்டு டெர்ம் மார்க்குகளையும் எனக்கு எழுதுங்கள்.