அணி மகனை நீக்கிவிட்டது. மீண்டும் சேர்க்கச் சொல்லி வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு 19 வயது. சிறு வயதில் கார்ட் ஓட்டத் தொடங்கி, இப்போது ஃபார்முலா கார் பந்தயங்களில் ஓட்டுகிறான். அவனுக்கு 17 வயதாக இருந்தபோது ஓர் அணியுடன் மூன்று சீசனுக்கு ஒப்பந்தம் போட்டோம். அவனும் கையெழுத்திட்டான், பாதுகாவலர் என்ற முறையில் நானும் இட்டேன். இந்த சீசனின் ஐந்து சுற்றுகளுக்காக 30 லட்சம் ரூபாய் கட்டியிருக்கிறேன். மூன்றாவது சுற்றில் இன்னொரு காருடன் மோதல் ஏற்பட்டது. பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் இவனுக்குப் பத்து விநாடி தண்டனை கொடுத்தார்கள். ஆத்திரத்தில் கையுறையைக் கழற்றி மெக்கானிக் முகத்தில் எறிந்துவிட்டான். தண்டனைத் தாளையும் ஸ்டூவர்டுகளின் முன்னாலேயே கிழித்துப் போட்டான். யாரோ அதைச் செல்பேசியில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் ‘ஒப்பந்தம் ரத்து’ என்று அணியிடமிருந்து செய்தி. இப்போது வக்கீல் நோட்டீஸும் வந்திருக்கிறது: அணியின் பெயரைக் கெடுத்ததற்கு 25 லட்சம் தர வேண்டும், இரண்டு ஆண்டுகள் வேறு அணிக்கு ஓட்டக்கூடாது, 15 நாளில் பதில் வேண்டும். மற்ற அணிகளிடம் ‘அந்தப் பையன் முன்கோபி’ என்று சொல்லி வருகிறார்களாம். அவனைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் கேட்கும் சரக்கு அந்தக் கடையில் கிடைக்காது.

ஒருவரின் தனிப்பட்ட திறமையையும் இருதரப்பு நம்பிக்கையையும் சார்ந்து நிற்கும் ஒப்பந்தத்தை ‘நிறைவேற்றியே தீர வேண்டும்’ என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. குறித்த பரிகாரச் சட்டம், 1963-இன் 14ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பாடகரைப் பாட வைக்கவும் முடியாது, அவரை மேடையேற்றும்படி சபாவுக்கு உத்தரவிடவும் முடியாது. பந்தய இருக்கையும் அப்படித்தான். அணி உங்களைத் தவறாக நீக்கியிருந்தாலும் கிடைக்கக்கூடியது பணம்தான், இருக்கை அல்ல. மெக்கானிக்கை நம்பித்தான் ஓட்டுநர் வளைவில் காரைத் திருப்புகிறார். முகத்தில் கையுறை வாங்கிய அதே ஆள் நீதிமன்ற உத்தரவுக்காகச் சக்கரத்தை முடுக்கிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் மகனே விரும்ப மாட்டார்.

இனி நோட்டீஸுக்கு வருவோம். அதில் மிரட்டல் அதிகம், சட்டம் குறைவு. இரண்டு ஆண்டுத் தடையை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்பது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27ஆம் பிரிவு. விளையாட்டு உலகில் இதற்கு நேரடியான தீர்ப்பே இருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுடனான ஒப்பந்தம் முடிந்த பிறகும், அவர் வேறு நிறுவனத்திடம் போகும் முன் தங்களுக்கே முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்று பர்செப்ட் டி மார்க் நிறுவனம் கேட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘வேறிடம் போகாதே’ என்று சொல்வது வேறு விஷயம், அதை நீதிமன்றங்கள் பல நேரம் ஏற்கும். அணி உங்கள் மகனை நீக்காமல் காத்திருப்பில் வைத்திருந்தால் எனக்குச் சங்கடமாகியிருக்கும். அவசரப்பட்டு வாட்ஸ்அப்பில் ரத்து செய்து நமக்கு உதவிவிட்டார்கள்.

25 லட்சம்? ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதி வைத்துவிட்டால் அது அப்படியே கைக்கு வந்துவிடாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு மட்டுமே. இழப்பே இல்லையென்றால் இழப்பீடும் இல்லை என்பதை கைலாஷ் நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. எந்த விளம்பரதாரர் விலகினார், எவ்வளவு போயிற்று என்று அவர்கள் கணக்குக் காட்டட்டும்.

நான் அதிக நேரம் செலவிட்டது உங்கள் மகனின் வயதில்தான். 18 நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. 1903-இல் மோஹரி பீபி வழக்கில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் சட்டம். 18 ஆன பிறகு அந்தப் பழைய தாளை ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று உயிர்ப்பிக்கவும் முடியாது. ஆகவே உங்கள் மகன் மீதான கோரிக்கைக்கு அடித்தளமே ஆட்டம் காண்கிறது. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் இது இருபுறமும் வெட்டும் கத்தி. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ராஜ் ராணி வழக்கு 1940-களின் கடைசியில் வந்தது. சிறுமியான நடிகைக்காக அவர் தந்தை படத் தயாரிப்பாளருடன் ஒப்பந்தம் போட்டிருந்தார். வேடம் கொடுக்கவில்லை என்று சிறுமி தரப்பு வழக்குப் போட்டது. ஒப்பந்தமே செல்லாது என்று தீர்ப்பு வந்ததால் தோற்றது சிறுமிதான். ‘ஒப்பந்தம் செல்லாது’ என்று சொல்லிக்கொண்டே ‘ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள்’ என்று நீங்களும் கேட்க முடியாது.

இரண்டு தாள்களைத் தேடி எடுங்கள். மகனுக்கு 18 முடிந்த பிறகு இந்த சீசனுக்காகப் புதிதாக ஏதாவது கையெழுத்திட்டாரா? நீட்டிப்புக் கடிதமோ, கட்டண ஒப்புதலோ, ஒரு பக்கப் படிவமோ இருந்தால் அது புதிய ஒப்பந்தமாகக் கருதப்படலாம், நான் மேலே சொன்ன கணக்கு மாறும். அடுத்தது உங்கள் கையெழுத்து. அதற்கு மேலே உள்ள வரிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். ‘மகன் தரவேண்டியதற்கு நானும் பொறுப்பு’ என்ற பொருளில் எதுவும் இருந்தால், மகனை விட்டுவிட்டு உங்கள் பட்டறையைத் தேடி வருவார்கள்.

உங்கள் உண்மையான பலம் நீங்கள் கட்டிய பணம். ஐந்து சுற்றுக்கு 30 லட்சம் என்றால் ஓட்டாத இரண்டு சுற்றுக்கு 12 லட்சம். ஒப்பந்தம் செல்லாது என்றாலும் சரி, முறிந்தது என்றாலும் சரி, வழங்காத சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்க வலுவான வாதம் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவும் கைகொடுக்கலாம், ஆனால் 18 நிரம்பாதவரின் ஒப்பந்தத்துக்கு அது பொருந்துமா என்பதில் வாதம் உண்டு.

‘முன்கோபி’ என்ற பேச்சுக்கு அவதூறு வழக்கு வேண்டவே வேண்டாம். போடுவதானால் சிவில் வழக்குக்குக் காலவரம்பு ஓராண்டுதான். ஆனால் எதிர்த்தரப்பு முதல் சாட்சியமாக அந்தக் காணொளியைத்தான் போடும். இதுவரை பார்க்காதவர்களும் பார்ப்பார்கள்.

இங்கே சட்டப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடுகிறேன். இந்தத் தொழிலில் குணம் எப்படி விலை பேசுகிறது என்பதைத் தந்தையாக நீங்கள் அறிய வேண்டும். பிரிட்டனின் கார் பந்தய வீரர் டான் டிக்டம் 2015-இல் சில்வர்ஸ்டோனில் யாரும் முந்தக்கூடாத பாதுகாப்புக் கார் நேரத்தில் பல கார்களை முந்திச் சென்று, தன்னை மோதியவரைத் தேடிப் போய் மோதினார். இரண்டு ஆண்டுத் தடை, அதில் ஓராண்டு நிறுத்திவைப்பு. திரும்பி வந்து 2017, 2018 இரண்டு ஆண்டும் மக்காவ் கிராண்ட் பிரியை வென்றார். சாதாரணத் திறமை இல்லை. 2019-இல் அவரை வளர்த்துவந்த ரெட் புல் கைவிட்டது. ஃபார்முலா ஒன் அணியான வில்லியம்ஸ் சேர்த்துக்கொண்டது. 2021-இல் அந்த அணியின் ஓட்டுநர் லத்தீஃபியை நேரலை ஒன்றில் கேலி செய்தார். சில நாட்களில் பிரிவு அறிவிக்கப்பட்டது. அந்த முடிவு முன்பே எடுக்கப்பட்டதுதான் என்று அவர் விளக்கினார். எப்படியானாலும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அவர் இதுவரை ஓட்டவில்லை. மின்சாரக் கார் பந்தயமான ஃபார்முலா ஈ-யில் ஓட்டி 2025-இல் ஜகார்த்தாவில் வென்றார்.

‘பெரியவர்களும் திட்டுகிறார்களே’ என்று உங்கள் மகன் சொல்வார். திட்டினார்கள்தான். 2012 மலேசிய ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனுடன் உரசியதும் ஜெர்மன் வீரர் செபாஸ்டியன் வெட்டல் அவரை ‘வெள்ளரிக்காய்’ என்று ஏளனம் செய்தார். அப்போது வெட்டலிடம் இரண்டு உலகப் பட்டங்கள் இருந்தன. உங்கள் மகனிடம் அப்பா கட்டிய ரசீது இருக்கிறது. அதே வெட்டல் 2017-இல் பாகுவில் வேண்டுமென்றே ஹாமில்டன் காரை இடித்தபோது, முழுப் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டதால் உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. மேல்நடவடிக்கை இல்லாமல் முடித்துக்கொண்டது.

பைக் பந்தய வீரர் ரோமானோ ஃபெனாட்டி 2018-இல் மிசானோவில் 200 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் பக்கத்து வீரரின் பிரேக் பிடியைப் பிடித்து அழுத்தினார். உடனே அணி நீக்கியது, அடுத்த ஆண்டுக்குப் பேசி வைத்திருந்த இடமும் போயிற்று. நீக்கிய அதே அணிதான் 2019-இல் அவரைக் கீழ்ப் பிரிவான மோட்டோ3-இல் சேர்த்துக்கொண்டது. அவர் ஆஸ்திரியாவில் வென்றும் காட்டினார். அணியோடு நீதிமன்றம் வரை போயிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பத்து விநாடி தண்டனையை இனி அசைக்க முடியாது. எஃப்.ஐ.ஏ.-வின் சர்வதேச விளையாட்டு விதிநூலின்படி முடிவு வெளியான ஒரு மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யும் எண்ணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் தம்பி தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். அவரது வாதம் நியாயமாகவே இருந்திருக்கலாம், அதைச் சொல்லும் இடமும் அந்தத் தாளோடு கிழிந்து போயிற்று. ஆனால் தாளைக் கிழித்ததற்கு இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தனியாக விசாரணை வைத்தால் கட்டாயம் போக வேண்டும். பந்தயம் ஓட்டும் உரிமம் அவர்கள் கையில்.

15 நாளுக்குள் நோட்டீஸுக்குப் பதில் அனுப்புவோம். தடை செல்லாது, 25 லட்சத்துக்குக் கணக்கில்லை, 12 லட்சம் திரும்ப வேண்டும் என்று அதில் இருக்கும். கூடவே சமரசத்துக்கும் இடம் விடுவோம். ‘வேறு அணிக்கு ஓட்ட ஆட்சேபனை இல்லை’ என்ற கடிதத்தை அணி தந்து கோரிக்கையைக் கைவிட்டால், 12 லட்சத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். அந்தக் கடிதம் உங்கள் மகனுக்குப் பணத்தைவிடப் பெரிது.

மெக்கானிக்குக்கும் ஸ்டூவர்டுகளுக்கும் மன்னிப்புக் கடிதத்தை மகனே தன் கையால் எழுதட்டும், நீங்களும் நானும் எழுத வேண்டாம். அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள். கையுறைக்கும் தாளுக்கும் மட்டும் மன்னிப்பு இருக்கட்டும். மோதலுக்கு யார் காரணம் என்று ஒரு வரிகூட அதில் வரக்கூடாது.