பென்ட்லி கான்டினென்டல் ஜிடி கார் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறியது?

பெயர் 1952-ல் வந்த ஆர்-டைப் கான்டினென்டலிலிருந்து எடுத்தது. ஆனால் இன்றைய ஜிடியின் கதை, 1998-ல் ஃபோக்ஸ்வாகன் பென்ட்லியை வாங்கியதிலிருந்துதான் தொடங்குகிறது. 2003-ல் வந்த முதல் ஜிடிக்கு ஃபோக்ஸ்வாகனின் ஃபேட்டன் காருடைய அடித்தளம்தான். காரை வாங்கியவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை! 6 லிட்டர் டபிள்யூ12 (12 சிலிண்டர்) இன்ஜின், இரட்டை டர்போ, நான்கு சக்கரத்துக்கும் விசை. இன்ஜினின் பெரும்பகுதி முன் அச்சுக்கு முன்னால் இருந்ததால் மூக்குப் பக்கம் கனம். வளைவுகளில் அது தெரியும்.

இரண்டாம் தலைமுறையான 2011 மாடல் பெரும்பாலும் மெருகேற்றல்தான். அடுத்த ஆண்டு சேர்ந்த 4 லிட்டர் வி8 (8 சிலிண்டர்) இன்ஜின் மட்டும் உருப்படியான மாற்றம்.

பெரிய பாய்ச்சல் என்றால் மூன்றாம் தலைமுறைதான். போர்ஷே பனமேராவோடு பகிர்ந்த புது அடித்தளத்தில் முன் சக்கரங்கள் 135 மி.மீ. முன்னே நகர, இன்ஜின் பின்னே தள்ளி அமர்ந்தது. மூக்குக் கனம் குறைந்தது.

அப்புறம் 2024-ல் டபிள்யூ12 விடைபெற்றது. இப்போது வி8 ஹைப்ரிட்.