அடைக்குக் கிடக்கும் கோழி: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் சிறுவிடைக் கோழி (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி) ஓர் ஈடு, அதாவது ஒரு சுற்று, முட்டையிட்டு முடித்ததும் அடைக்குக் கிடக்கிறது. வீட்டில் சேவல் கிடையாது. தண்ணீரில் முக்கினால் தெளியும் என்கிறார் மாமியார். மூக்கில் இறகைக் குத்தச் சொல்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. எதைச் செய்வது?
– வாசகி, தேவகோட்டை

இரண்டும் வேண்டாம். மூக்கில் குத்திய இறகு புண்ணாகும், சளி பிடிக்கும். தண்ணீரில் முக்கினால் வயிற்றுச் சூடு கொஞ்ச நேரம் தணியும். காய்ந்ததும் கோழி பழைய மூலைக்கே போய்ப் படுத்துக்கொள்ளும்.

இருட்டு மூலை, வயிற்றுக்கடியில் முட்டை, கதகதப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறி, முட்டை உருவாவதை நிறுத்திவிடும். அடியில் முட்டையே இல்லாவிட்டாலும் வாரக்கணக்கில் கிடக்கும். ஆகவே மூன்றையும் ஒருசேரப் பறிக்க வேண்டும். இரண்டடிச் சதுரக் கூண்டு ஒன்று எடுங்கள். அடிப்பக்கம் கம்பிவலையாக இருக்கட்டும். நான்கு மூலைக்கும் செங்கல் அடுக்கி ஓரடி உயர்த்தி வையுங்கள். கீழிருந்து காற்று ஏற வேண்டும். உள்ளே வைக்கோலோ சாக்கோ போடக் கூடாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் போல இருக்கட்டும். பட்டினி போட்டால் அடை தெளிந்தாலும் முட்டை வரத் தாமதமாகும். பின்கட்டில் வெளிச்சமான நிழலில் வையுங்கள். இரவிலும் கோழி அதிலேயே இருக்கட்டும். இரவில் மட்டும் பழைய பஞ்சாரத்துக்கு மாற்றுவதால்தான் பலருக்கு இது பலிப்பதில்லை.

மூன்று, நான்கு நாளில் திறந்துவிட்டுப் பாருங்கள். மேய்ச்சலுக்குப் போனால் தெளிந்துவிட்டது. சிலிர்த்துக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடினால் இன்னும் இரண்டு நாள். அடைக்கு உட்கார்ந்த முதல் நாளே கூண்டில் விட்டால் சீக்கிரம் தெளியும். பத்து நாள் கழித்து ஆரம்பித்தால் இழுத்தடிக்கும். தெளிந்தபின் கொண்டை மறுபடி சிவந்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அடுத்த ஈடு தொடங்கும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டைக்கு ஒருமுறை அடைக்குப் போவது அதன் இயல்பு, நோயல்ல. தினமும் முட்டையை எடுத்துவந்தால் அது தள்ளிப்போகும், அறவே நிற்காது.

பதினைந்து முட்டை வைத்ததில் நான்குதான் பொரித்தது. இடி தாக்காமல் இருக்க ஆணி, அடுப்புக்கரி எல்லாம் போட்டுத்தான் வைத்தேன். இடி இடித்ததால் கெட்டதா?
– வாசகர், புதுவயல்

இடியின் மேல் பழி வேண்டாம். சிறுவிடைக்குப் பதினைந்து அதிகம். ஒன்பது, பத்துதான் இறகுக்குள் அடங்கும். ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து பலவும் கெட்டிருக்கும்.

முட்டையைச் சேர்த்துவைத்த விதத்தையும் பாருங்கள். ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், அடைக்கு வைக்கும் முன்பே அரைகுறையாகக் கரு வளர ஆரம்பித்துப் பாதியில் செத்துவிடும். கூமுட்டை அப்படித்தான் பெருகுகிறது. ஈர மணல்மேல் வைத்த மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். கழுவ வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாள் மாலையில் அடைக்கு வையுங்கள். இடையில் புது முட்டை சேர்த்தால், முதல் குஞ்சுகள் வந்ததும் கோழி எழுந்துபோய்விடும், மிச்சம் வீணாகும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்போடினால் கரு கூடியிருக்கிறது; உள்ளே ஒன்றுமில்லாமல் வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடாதீர்கள், இருபத்தொன்றில் பொரிக்கும்.

கோழி நாளுக்கு ஒருமுறையாவது இறங்கித் தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு வர வேண்டும். இறங்காமலே கிடந்தால் நீங்களே தூக்கி விடுங்கள். ராத்திரியில் பாதியில் எழுந்து ஓடுகிறது என்றால் செள் (கோழியைக் கடிக்கும் சிறு பூச்சி) இருக்கிறதா என்று பாருங்கள். வைக்கோலை எரித்துவிட்டுப் புதிது மாற்றி, அடியில் சாம்பல் தூவுங்கள். ஆணியும் கரியும் ஒன்றும் செய்யாது. ஆணி முட்டையைக் கீறாமல் இருந்தால் சரி.

கத்திரி வெயிலில் முட்டை ஓடு தாள் மாதிரி வருகிறது. சுண்ணாம்பைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

கூடாது, சுண்ணாம்பு வாயையும் தொண்டையையும் வேக வைத்துவிடும். சுடாத கிளிஞ்சலை மிளகளவு இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும். ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது கரியமில வாயு கூடுதலாக வெளியேறி ஓடு கட்டுவது குறையும். போதாததற்குத் தீனியும் எடுக்காது. எனவே தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஐப்பசியில் இறகெல்லாம் கொட்டி முட்டையும் நின்றுவிட்டது. இரண்டு வயதுக் கோழி. குழம்புக்குத்தானா?
– வாசகர், பள்ளத்தூர்

அவசரப்படாதீர்கள். இது இறகு மாற்றும் காலம், இரண்டு மூன்று மாதம் போகும். இறகு பெரும்பாலும் புரதம்தான். உடம்பு அதற்கே செலவழிக்கும்போது முட்டைக்கு மிஞ்சாது. கடலைப் பிண்ணாக்கும் கரையானும் கொடுங்கள். பழைய சாக்கு, காய்ந்த சாணம் இரண்டையும் பானையில் திணித்து, தண்ணீர் தெளித்து, செம்மண் தரையில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். உப்புக் கருவாடு வேண்டாம். இறகு கொட்டினாலும் கோழி சுறுசுறுப்பாக மேய வேண்டும். தீனி எடுக்காமல் தூங்கி வழிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் அன்றைக்கே தனியாகப் பிரித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.